இங்கிலாந்தில் வீட்டு உரிமையாளர்கள் உண்மையிலேயே வாடகைச் சந்தையை விட்டு வெளியேறுகிறார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி இரண்டு பக்கமிருந்தும் எழுகிறது. ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ முதன்முதலில் வாங்கிய சிறிய வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டு, அதையே ஓய்வுக்கால வருமானமாக நம்பியிருப்பவர்கள் கேட்கிறார்கள். அதே தெருவில் இன்னொருவரின் வீட்டில் வாடகைக்கு இருந்து, அடுத்த ஆண்டும் பிள்ளைகள் இதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போவார்களா என்று தெரியாமல் தவிப்பவர்களும் கேட்கிறார்கள். இரு தரப்பின் காதிலும் விழுவது ஒரே செய்திதான்: ‘வீட்டுக்காரர்கள் எல்லோரும் விற்றுவிட்டுப் போகிறார்கள்.’ அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பார்ப்போம். ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் சட்டங்கள் வேறு என்பதால், இங்கே பேசுவது பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றி மட்டுமே.

முதலில் நேரடியாகச் சொல்லுங்கள். வெளியேறுகிறார்களா, இல்லையா?

சிலர் வெளியேறுகிறார்கள். ஆனால் வாடகை வீடுகளின் மொத்தத் தொகை சரியவில்லை.

அரசு ஆண்டுதோறும் நடத்தும் இங்கிலாந்து வீட்டுவசதிக் கணக்கெடுப்பின்படி, 2000ஆம் ஆண்டையொட்டித் தனியார் வாடகை வீடுகளில் ஏறக்குறைய 20 லட்சம் குடும்பங்கள் இருந்தன. 2016-17இல் அது 47 லட்சமாக, அதாவது ஐந்தில் ஒரு குடும்பம் என்ற அளவுக்கு உயர்ந்தது. 2023-24 கணக்கிலும் அதே 47 லட்சம்தான். வேகமாக வளர்ந்துகொண்டிருந்த ஒரு துறை வளர்ச்சியை நிறுத்திவிட்டது, ஆனால் சுருங்கிவிடவில்லை. மக்கள்தொகை கூடிக்கொண்டே போகும் நாட்டில் வாடகை வீடுகள் கூடாமல் நிற்பதே பெரிய சிக்கல்தான். அதை ‘ஓட்டம்’ என்று சொன்னால் நோயைத் தவறாகப் பெயரிட்டதாகிவிடும்.

அப்படியானால் பத்திரிகைகளில் வரும் புள்ளிவிவரங்கள் பொய்யா?

பொய் இல்லை. பாதிக் கணக்கு.

வீட்டு விளம்பரங்களுக்கான ரைட்மூவ் இணையத்தளம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஒரு எண் பரவலாக எடுத்தாளப்பட்டது: விற்பனைக்கு வந்த வீடுகளில் 18 சதவீதம் முன்பு வாடகைக்கு விடப்பட்டவை, 2010இல் அது 8 சதவீதமாக இருந்தது. இது உண்மையான எண், கவலைப்பட வேண்டிய எண்ணும்கூட. ஆனால் அந்த வீடுகளை வாங்கியவர்களில் எத்தனை பேர் மறுபடி வாடகைக்கு விட்டார்கள் என்பது அதில் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களை மட்டும் எண்ணிவிட்டு, பஸ் காலியாகிவிட்டது என்று முடிவுகட்டுவதைப் போன்றது இது.

அடுத்தது கருத்துக் கணிப்புகள். ‘அடுத்த இரண்டு ஆண்டுகளில் விற்பீர்களா?’ என்று கேட்டால், வரிக்கணக்கை முடித்த கோபத்தில் பலர் ஆம் என்பார்கள். 2024இல் அரசு எடுத்த வீட்டு உரிமையாளர் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 31 சதவீதத்தினர் தங்கள் வாடகை வீடுகளைக் குறைக்கப்போவதாகச் சொன்னார்கள். அது அவர்கள் மனநிலையைக் காட்டுகிறது. சொன்னவர்கள் எல்லோரும் விற்றிருந்தால் அந்த 47 லட்சம் இன்று அப்படியே நின்றிருக்காது.

இதற்கெல்லாம் அடியில் ஒரு பெரிய குறை இருக்கிறது. இங்கிலாந்தில் இதுவரை வீட்டு உரிமையாளர் பதிவேடு என்று ஒன்று இருந்ததில்லை. ஸ்கொட்லாந்தில் 2006 முதலும் வேல்ஸில் 2015 முதலும் பதிவு கட்டாயம். இங்கிலாந்தில் யார் எத்தனை வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று அரசுக்கே சரியாகத் தெரியாது. பல லட்சம் குடும்பங்களின் கூரை பற்றிய கேள்விக்கு, ஏஜென்டுகளின் மாதிரிக் கணக்குகளை வைத்து விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2025 வாடகைதாரர் உரிமைச் சட்டம் தேசியத் தரவுத்தளம் ஒன்றுக்கு வழிசெய்திருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தச் சட்டத்தில் மிகக் குறைவாகப் பேசப்படும் நல்ல அம்சம் அதுதான்.

விற்பவர்கள் ஏன் விற்கிறார்கள்?

புதிய சட்டம்தான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வட்டியும் வரியும்தான் முதலில் நிற்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. சம்பள வருமானத்திலேயே 40 சதவீத வரி அடுக்கில் இருக்கும் ஒருவர், ஒரு வீட்டை ஆண்டுக்கு 18,000 பவுண்டு வாடகைக்கு விட்டிருக்கிறார். வட்டி மட்டும் கட்டும் மோர்ட்கேஜ் கடன் 2,00,000 பவுண்டு. பராமரிப்பு, காப்புறுதி, ஏஜென்ட் கட்டணம் எல்லாமாக 2,000 பவுண்டு.

2021இல் 2 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 4,000 பவுண்டு. செலவெல்லாம் போக, வரிக்கு முன் கையில் 12,000. அதே கடன் 6 சதவீதத்துக்கு மாறினால் வட்டி 12,000. கையில் நிற்பது 4,000.

இனி வரி. 2017க்கு முன் வட்டி முழுவதையும் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். 4,000 பவுண்டு லாபத்துக்கு 1,600 வரி கட்டினால் போதும். 2015ஆம் ஆண்டின் இரண்டாவது நிதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு அந்தச் சலுகையைப் படிப்படியாக வெட்டி, 2020 ஏப்ரலில் முழுமையாக எடுத்துவிட்டது. இப்போது வட்டியைக் கழிக்காமல் 16,000 பவுண்டுக்கு 40 சதவீதம், அதாவது 6,400 என்று கணக்கிட்டு, வட்டியில் 20 சதவீதமான 2,400ஐ மட்டும் திருப்பித் தருகிறார்கள். கட்ட வேண்டிய வரி 4,000. லாபமும் 4,000. வீட்டுக்காரருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. கொதிகலன் பழுதானால் சம்பளத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 சதவீதம்; 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதம். நிலையான வட்டிக் காலம் முடிந்து புதுக் கடன் எடுக்கப் போனவர்கள் இந்தக் கணக்கைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள். விற்றதில் வியப்பில்லை. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் வாடகை வருமானத்துக்கான வரியை 2027 ஏப்ரல் முதல் இன்னும் 2 புள்ளிகள் உயர்த்தியிருக்கிறது: 22, 42, 47 சதவீதம்.

புதிதாக வாங்க வருபவர்களையும் வரி தடுக்கிறது. இரண்டாவது வீடு வாங்கினால் கட்ட வேண்டிய கூடுதல் முத்திரைத் தீர்வை 2016 ஏப்ரலில் 3 சதவீதமாகத் தொடங்கி, 2024 அக்டோபர் 31 முதல் 5 சதவீதமாகியிருக்கிறது. ஓய்வு பெறுபவரின் இடத்துக்கு இளையவர் ஒருவர் வராமல்போக இது பெரிய காரணம்.

எல்லா உரிமையாளருக்கும் இதே நிலைதானா?

இல்லை. மேலே சொன்ன கணக்கு கடன் உள்ளவருக்கும், சொந்தப் பெயரில் வைத்திருப்பவருக்கும், உயர் வரி அடுக்கில் இருப்பவருக்கும் பொருந்தும். வாடகை வீட்டு உரிமையாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் இருவருக்குக் கடனே இல்லை. வட்டி உயர்ந்தால் அவர்களுக்கு நட்டமில்லை. வாடகை உயர்ந்தால் லாபம் உண்டு.

எண்ணிக்கையை இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். உரிமையாளர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் ஒரே ஒரு வீட்டை வைத்திருப்பவர்கள். ஆனால் மொத்த வாடகைக் குடித்தனங்களில் அவர்களுடைய பங்கு ஐந்தில் ஒன்றுதான். ஐந்தோ அதற்கு மேலோ வீடு வைத்திருப்பவர்கள் ஆட்களாக ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. குடித்தனங்களில் ஏறக்குறைய பாதி அவர்கள் கையில். ஆகவே ‘ஆயிரம் உரிமையாளர்கள் வெளியேறினார்கள்’ என்றால் ஆயிரக்கணக்கான வீடுகள் போய்விட்டன என்று பொருளல்ல. ஒற்றை வீட்டுக்காரர்கள் ஆயிரம் பேர் விற்க, பெரியவர்கள் நூறு பேர் வாங்கியிருந்தால் உரிமையாளர் தொகை குறையும். வீடுகள் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, கம்பெனி. 24ஆம் பிரிவு தனிநபரைத்தான் தாக்குகிறது. நிறுவனமாகப் பதிந்துகொண்டால் வட்டியை முழுச் செலவாகக் காட்டலாம். இதனால் புதிதாக வாங்குபவர்களில் பலர் இப்போது நிறுவனத்தின் பெயரிலேயே வாங்குகிறார்கள். சிலர் தங்கள் பெயரில் இருக்கும் வாடகை வீட்டையே தங்கள் நிறுவனத்துக்கு விற்கிறார்கள். காகிதத்தில் ஒரு தனிநபர் சந்தையைவிட்டுப் போய்விட்டார். வீட்டில் குடியிருப்பவருக்கு ஒரு மாற்றமும் தெரியாது.

வயதையும் மறக்கக் கூடாது. உரிமையாளர்களின் நடு வயது 60ஐ நெருங்கிவிட்டது. 1996இல் ‘வாடகைக்கு விட வாங்கு’ கடன்கள் சந்தைக்கு வந்தபோது முப்பதுகளில் இருந்தவர்கள் இன்று அறுபதுகளில் இருக்கிறார்கள். இவர்களில் ஒரு பகுதியினர் எந்தச் சட்டம் வந்தாலும் வராவிட்டாலும் விற்கத்தான் போகிறார்கள். நம்மவர்களிலும் அந்தத் தலைமுறை அதே வயதுக்கு வந்துவிட்டது. பிள்ளைகளுக்கோ வாடகை வசூலிக்கும் வேலையில் நாட்டமில்லை.

விற்ற வீடு எங்கே போகிறது? வீடு மறைந்துவிடாதே?

மறைந்துவிடாது. அதுவரை வாடகைக்கு இருந்த இளம் தம்பதியர் அதை வாங்கினால், சந்தையில் ஒரு வாடகை வீடு குறைகிறது. வாடகைக்கு வீடு தேடும் ஒரு குடும்பமும் குறைகிறது. இதுதான் வாடகைதாரர் அமைப்புகளின் வாதம். பெரும்பாலும் சரியான வாதம்.

ஆனால் இதில் ஒரு விடுபடல் இருக்கிறது. கீழ்மட்டத்தில் வாழ்பவர்களை அது கடுமையாகத் தாக்குகிறது. ஈஸ்ட் ஹாமில் மூன்று படுக்கையறை வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னறையையும் படுக்கையறை ஆக்கி, நான்கு அறையில் ஐந்து பேர் தனித்தனியாக வாடகை கொடுத்து இருக்கிறார்கள்: உணவகத்தில் வேலை செய்பவர், மாணவர், பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலைக்குப் போகும் கணவனும் மனைவியும், அகதி விண்ணப்பம் இப்போதுதான் ஏற்கப்பட்ட இளைஞர். அந்த வீட்டை இரண்டு பேர் கொண்ட குடும்பம் வாங்குகிறது. ஐந்து பேர் வெளியே வந்தார்கள், இரண்டு பேர் உள்ளே போனார்கள். மற்ற மூவருக்கும் இடம் எங்கிருந்து வரும்? வாங்கியவர்கள் விட்டுவந்த வீடு மூவருக்கும் கட்டுப்படியாகாத வாடகையில் இருக்கும். தேசியக் கணக்கில் எதுவும் குறைந்ததாகத் தெரியாது. அந்தத் தெருவில் குறைந்திருக்கிறது.

அரசின் வாடகை உதவித்தொகையை நம்பியிருப்பவர்களுக்கும் இதே கதிதான். அந்த உதவித்தொகையின் உச்சவரம்பு 2020 முதல் 2024 வரை உறைநிலையில் இருந்தது. 2024 ஏப்ரலில் உயர்த்திவிட்டு மறுபடி உறைய வைத்துவிட்டார்கள். வாடகையோ ஏறிக்கொண்டே இருந்தது. அந்த விலையில் வாடகைக்கு விட்டிருந்த ஒருவர் விற்றுவிட்டால், அதே விலையில் அடுத்த வீடு கிடைப்பதில்லை. 2025 மார்ச் இறுதியில் இங்கிலாந்தில் 1,31,000 குடும்பங்கள் உள்ளூராட்சிக் கவுன்சில்களின் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்தன. அவர்களோடு 1,69,000 பிள்ளைகள். தனியார் வாடகை வீட்டை இழந்து கவுன்சிலிடம் வருபவர்கள் சொல்லும் காரணங்களில் முதலிடம் ‘வீட்டுக்காரர் விற்கிறார்’ என்பதற்குத்தான். ‘மொத்தத் தொகை குறையவில்லை’ என்ற வாக்கியத்தை இந்தப் பிள்ளைகளை மறந்துவிட்டுச் சொல்லக் கூடாது.

மொத்தம் குறையவில்லை என்றால், தேடும்போது ஏன் வீடே கிடைப்பதில்லை?

விளம்பரத்தில் வரும் வீடுகள் வேறு, இருக்கும் வீடுகள் வேறு. இருக்கும் வீட்டைவிட்டு நகர்ந்தால் மாதம் 300 பவுண்டு கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர் நகர மாட்டார். எல்லோரும் நகராமல் இருந்தால் ‘வாடகைக்கு’ என்ற பலகைகள் குறையும். வீடுகள் நிரம்பியிருக்கின்றன, காலியாவதுதான் இல்லை.

அதே நேரத்தில் தேடுபவர்கள் கூடினார்கள். வட்டி உயர்ந்ததால், சொந்த வீடு வாங்கத் தயாராக இருந்தவர்கள் வாடகையிலேயே தங்கிவிட்டார்கள். 2023இல் ஐக்கிய இராச்சியத்தின் நிகரக் குடிவரவு ஆண்டுக்கு 9 லட்சம் அளவுக்குப் போனது. அதன்பின் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2024 மார்ச் வரையான ஓராண்டில் நாடு முழுவதும் வாடகை சராசரியாக 9 சதவீதத்துக்கு மேல் ஏறியதற்குக் காரணம் இந்த நெருக்கடி.

இதற்கு முன் எப்போதாவது உரிமையாளர்கள் உண்மையாகவே வெளியேறியிருக்கிறார்களா?

ஆம், இருபதாம் நூற்றாண்டு முழுவதும். 1918இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நான்கில் மூன்று குடும்பங்கள் தனியார் வாடகையில் வாழ்ந்தன. 1991இல் அது 9 சதவீதம். உண்மையான வெளியேற்றம் என்றால் அதுதான்.

1915இல் கிளாஸ்கோவில் மேரி பார்பர் போன்ற பெண்கள் நடத்திய வாடகை மறுப்புப் போராட்டத்தை அடுத்து வாடகைக் கட்டுப்பாடு வந்தது. அது ஏதோ ஒரு வடிவில் 1980களின் இறுதிவரை நீடித்தது. உரிமையாளர்கள் விற்றார்கள், பலர் குடியிருந்தவர்களுக்கே விற்றார்கள். ஆனால் அந்தக் காலத்தில் கவுன்சில்கள் லட்சக்கணக்கில் வீடு கட்டின. வாடகை வீட்டை இழந்தவருக்குப் போக இடம் இருந்தது. பின்னர் 1988 வீட்டுவசதிச் சட்டம் காரணம் சொல்லாமல் வெளியேற்றும் பிரிவு 21ஐக் கொண்டுவந்தது. தனியார் வாடகை மறுபடி வளர்ந்தது. இன்று ஒரு உரிமையாளர் விற்பது அச்சமூட்டுவதற்குக் காரணம், பக்கத்தில் அந்தக் கவுன்சில் வீடு இல்லாமல் போனதுதான்.

புதிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் உரிமையாளர்களை விரட்டிவிடும் என்கிறார்களே?

2025 அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்ற சட்டம் அது. முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வர 2026 மே 1 என்று தேதி குறித்தார்கள். பிரிவு 21 ஒழிகிறது. ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் வாடகையை உயர்த்த முடியாது. அதையும் தீர்ப்பாயத்தில் எதிர்க்கலாம். விளம்பர விலைக்கு மேல் ஏலம் கேட்க வைப்பதற்கும் தடை.

உரிமையாளர் சங்கங்கள் நீதிமன்றத் தாமதத்தைச் சுட்டிக்காட்டுகின்றன. அது நியாயமான கவலை. வாடகையே தராத ஒருவரை வெளியேற்ற மாதக்கணக்கில் காத்திருக்கும் சிறு உரிமையாளர் கடன் தவணையைத் தன் கையிலிருந்து கட்டுகிறார். நீதிமன்றங்களுக்கு ஆளும் பணமும் ஒதுக்குவது அரசின் கடமை.

ஆனால் ‘எல்லோரும் ஓடிவிடுவார்கள்’ என்பதற்கு நமக்கு ஒரு சோதனை முடிவு கையில் இருக்கிறது. காரணமின்றி வெளியேற்றுவதை ஸ்கொட்லாந்து 2017 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது. 2022இல் வாடகை உயர்வுக்கும் தற்காலிக வரம்பு போட்டது. அங்கே பதிவேடு இருப்பதால் எண்ணிப் பார்க்கலாம். பதிவான வாடகை வீடுகள் இத்தனைக்கும் பிறகு 3,40,000ஐச் சுற்றியே நின்றன. வாடகை ஏறவில்லை என்று சொல்ல முடியாது; புதுக் குடித்தனங்களுக்கு நன்றாகவே ஏறியது. வீடுகள் மட்டும் காணாமல்போகவில்லை.

அயர்லாந்தில் உரிமையாளர்கள் ஓடிவிட்டார்கள் என்று சொல்லப்பட்டதே?

அங்கே 2022 இறுதியில் வாடகைப் பதிவு வாரியத்தில் இருந்தவை ஏறத்தாழ 2,46,000 குடித்தனங்கள். அதே ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணியது ஏறத்தாழ 3,30,000 தனியார் வாடகைக் குடும்பங்கள், 2016ஐவிடக் கூடுதல். வாரியத்தின் எண்ணை மட்டும் பார்த்தவர்கள் சந்தை சுருங்குகிறது என்றார்கள். வீடுவீடாகப் போய் எண்ணியவர்கள் வளர்ந்திருக்கிறது என்றார்கள். இத்தனை பெரிய இடைவெளி வைத்துக்கொண்டு வெளியேற்றத்தைப் பற்றி உறுதியாகப் பேச யாருக்கும் துணிவு வரக் கூடாது.

எனக்கு ஒரே ஒரு வாடகை வீடு இருக்கிறது. நானும் விற்றுவிட வேண்டுமா?

மற்றவர்கள் விற்கிறார்கள் என்பதற்காக விற்காதீர்கள். மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு: உயர் அடுக்கில் 24 சதவீதம், அடிப்படை அடுக்கில் 18 சதவீதம். வரியில்லா வரம்பு 12,300 பவுண்டிலிருந்து 3,000 பவுண்டாகச் சுருங்கிவிட்டது. விற்பனை முடிந்த 60 நாட்களுக்குள் கணக்குக் காட்டிப் பணம் கட்ட வேண்டும். பலர் இதைத் தவறவிட்டு அபராதம் கட்டுகிறார்கள். நீங்களே குடியிருந்த வீடென்றால் அந்த ஆண்டுகளுக்குச் சலுகை உண்டு. பழைய கவுன்சில் வரிச் சீட்டுகளைத் தேடி எடுத்துவையுங்கள்.

விற்பதென்று முடிவானால் முதலில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். வாங்கக்கூடியவராகவும் இருக்கலாம். இல்லையென்றால், குடியிருப்பவரோடு சேர்த்தே இன்னொரு உரிமையாளருக்கு விற்க வழியுண்டு. பத்து ஆண்டு ஒழுங்காக வாடகை கொடுத்த குடும்பத்தைத் தெருவில் விட்டுவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் ‘விற்கப்போகிறேன், அடுத்த மாதம் காலி செய்யுங்கள்’ என்கிறார். என்ன செய்வது?

உடனே மூட்டை கட்டாதீர்கள். நம்மவர்களிடம் இது அடிக்கடி நடக்கிறது: ஊர்க்காரர், கோயிலில் பழக்கமானவர், வாய்ப்பேச்சில் தந்த வீடு, ‘அண்ணை சொல்லிவிட்டார், போய்விடுவோம்’ என்று பேசாமல் கிளம்பிவிடுகிறார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வாடகை கொடுத்துத் தனி வீட்டில் குடியிருந்தால் சட்டப் பாதுகாப்பு உண்டு.

புதிய சட்டத்தின் கீழ் விற்பனைக்காக வெளியேற்ற நான்கு மாத எழுத்து நோட்டீஸ் தர வேண்டும். குடிவந்த முதல் 12 மாதங்களுக்குள் அந்தக் காரணத்தைக் காட்டி வெளியேற்ற முடியாது. விற்பதாகச் சொல்லி வெளியேற்றிவிட்டு, அடுத்த 12 மாதங்களுக்குள் அதே வீட்டை மறுபடி வாடகைக்கு விடவும் முடியாது. நோட்டீஸ் முடிந்த பிறகும், நீதிமன்ற உத்தரவோடு அதன் அதிகாரிகள் மட்டுமே வெளியேற்றலாம். பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தை நிறுத்துவதும் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள். வீட்டுக்காரர் வாழும் அதே வீட்டில், அவரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டு ஓர் அறையில் இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நியாயமான அவகாசம் மட்டுமே தர வேண்டும்.

நோட்டீஸ் கையில் வந்தவுடன் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவுக்குப் போங்கள். 56 நாட்களுக்குள் வீடிழக்கும் நிலையில் இருப்பவருக்கு உதவ வேண்டியது அவர்களின் சட்டக் கடமை. தானாகக் காலி செய்துவிட்டுப் போய் நின்றால், ‘நீங்களே வீட்டைவிட்டு வந்தவர்’ என்று சொல்லி உதவியை மறுக்க இடமுண்டு. ஷெல்ட்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இரண்டு தொண்டு அமைப்புகளிலும் ஆலோசனை இலவசம். ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கவுன்சிலிடம் கேளுங்கள். போகும்போது நோட்டீஸ், வாடகை கட்டிய வங்கிக் கணக்கு விவரம், பிள்ளைகளின் பள்ளிக் கடிதம், வீட்டுக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். வாடகையைக் கையில் காசாகக் கொடுப்பவராக இருந்தால், அடுத்த மாதத்திலிருந்தாவது வங்கி மூலம் கட்டத் தொடங்குங்கள்.